தண்ணிமேட்டில் நான் ஊன்றிய வேப்பங்குழை

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருசம் போயிருக்கும். தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டின எங்கள் குடியிருப்பில் நடந்தது இது. சரியாக எந்த வருசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் இரண்டாவது பிள்ளை தவழ ஆரம்பித்த வருசம், மழை பொய்த்துப்போன வருசம். என் கணக்கு அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அப்போது கிணறு கிடையாது. எங்கே தோண்டினாலும் உப்புத்தான். ஆனால் குடியிருப்புக்கு வடக்கே ஒரு பெரிய மணல்மேடு இருந்தது. பனை உயரம் இருக்கும். மேலெல்லாம் அடம்பங்கொடி படர்ந்து கிடக்கும். பெய்கிற மழையை எல்லாம் அந்த மேடு குடித்து வைத்துக்கொள்ளும். மேட்டின் அடியில் கையால் மணலைப் பறித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் தண்ணீர் ஊறி வரும். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கும், தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். சிரட்டையால் மெல்லக் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். தண்ணீர் தருகிற மேடு என்பதால் அதற்குத் தண்ணிமேடு என்று பேர். எங்கள் ஊர் அங்கே இருந்ததே அந்த மேடு இருந்ததால்தான்.

அந்த வருசம் ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். கடலோரம் நெடுகச் சிவப்புக் கொடி கட்டிய குச்சிகளை ஊன்றிவிட்டுப் போனார்கள். கப்பல் வந்து நிற்கப் பெரிய துறை கட்டப்போகிறார்கள், அதற்கு ரோடு வரப்போகிறது என்று பேச்சு. எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. உள்ளே இரண்டு கல் தொலைவில் இருக்கிற பெரிய ஊரின் தலைவரிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அந்த ஊருக்கு வால் மாதிரி. எங்களுக்கு வரிபோட மட்டும் அவர்களுக்கு எங்கள் குடியிருப்பு ஞாபகம் வரும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ரோடு எங்களுக்கும் வேண்டித்தான் இருந்தது. பிள்ளை குறுக்கே நின்று, மாட்டுவண்டியில் தொண்டிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே கண்ணை மூடிய பொம்பளைகளை எனக்குத் தெரியும். அதனால் கொடி ஊன்றினபோது நாங்கள் வேடிக்கைதான் பார்த்தோம். வழியில் இருக்கிற ஓடையைத் தூர்க்க மண் வேண்டும், அந்த மண்ணுக்குத் தண்ணிமேட்டை வெட்டப்போகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆம்பளைகள் பெரிய ஊர்த் தலைவரிடம் போய்ச் சொன்னார்கள். "மணல்தானடா, கடக்கரையில மணலுக்கா பஞ்சம்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

மண் வெட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லாம் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் வீட்டுக் கூலிச் சனம். கண்மாய் வறண்டு வயலில் வேலை இல்லாமல் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். உடைமரத்தில் சேலையைக் கட்டித் தூளி போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைத்திருந்தார்கள். அவர்களுக்கும் குடிக்க எங்கள் ஊற்றுத்தான். இத்தனை பேர் வந்தால் ஊற்று தாங்குமா, வரவிடக் கூடாது என்று எங்கள் பொம்பளைகளில் சிலர் முனகினார்கள். என் மாமியார்தான் வாயை அடைத்தார். "ஊத்துல ஒருத்தியை மறிச்சா மறுநா அது நமக்கும் ஊறாது. போங்கடி, அங்கன தள்ளிக் குழி பறிங்க" என்றார். எங்கள் பக்கம் அப்படித்தான். சண்டைக்காரியாக இருந்தாலும் ஊற்றில் மறிக்கக் கூடாது.

அந்தச் சனத்தில் ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், மண்வெட்டியைக் கொண்டுவந்து ஊற்றில் இடுப்பளவு தோண்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்குக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். "ஏத்தா, என்ன கெணறா வெட்டுறே? உப்பு ஏறிப்போகும். கையால பறி" என்றேன்.

அவள் இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வாத் தண்ணிக்கு இம்புட்டுச் சாங்கியமா? எங்க கண்மாயில யானை எறங்கிக் குளிக்கும், தெரியுமா" என்றாள்.

"அப்பறம் எதுக்கு இங்கன வந்தே?"

"கண்மாய் வத்திருச்சு. யானையும் வேலை தேடிப் போயிருச்சு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கு அவளுக்குச் சிரட்டையால் கோரக் காட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தினமும் ஊற்றில் பார்த்தால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம். அவளுக்கு என்னை மாதிரியே கைப்பிள்ளை.

முதலில் வேறு இடத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தவர்கள், ஒரு நாள் காலையில் தண்ணிமேட்டுக்கு வந்துவிட்டார்கள். மீன் பாடு இருந்த நேரம், எங்கள் ஆம்பளைகள் எல்லாம் கடலில். நான் குடத்தோடு போனபோது மேட்டின் ஒரு பக்கம் கொடியை எல்லாம் செதுக்கிப் போட்டிருந்தது. மண்வெட்டிகள் வரிசையாக நின்றன. மேஸ்திரி வடக்கே எங்கிருந்தோ வந்தவர், குடை பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய், "சாமி, இது எங்க குடி தண்ணி. இதை வெட்டுனா ஊரே போயிரும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்க மேடா இது? பட்டா இருக்கா? போம்மா அந்தப் பக்கம்" என்றார்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற வேப்பங்கன்றில் ஒரு குழையை ஒடித்தேன். முதல் வெட்டு விழ இருந்த இடத்தில் மணலில் ஊன்றினேன். ஊன்றி முடித்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

எங்கள் கரையில் குழை வைப்பது என்று ஒரு முறை உண்டு. ஒரே படகில், வத்தை என்போம் நாங்கள், கூட்டாகத் தொழில் செய்கிறவர்களுக்குள் வழக்கு வந்தால், மனசு நொந்தவர் வேப்பங்குழையை ஒடித்து வத்தையின் முன்பக்கம், அணியத்தில் வைத்துவிடுவார். அப்புறம் கடலில் மீன் துள்ளினாலும் அந்த வத்தையை யாரும் தண்ணீரில் தள்ள மாட்டார்கள். எதிராளி வந்து மணலில் உட்கார்ந்து பேச வேண்டும். பேசித் தீர்ந்தால் அவர் கையாலேயே குழையை எடுக்க வேண்டும். அதுவரைக்கும் வைத்தவர் அந்த இடத்தை விட்டு எழுந்து போகக் கூடாது. எழுந்தால் வழக்கு தோற்றது. வைக்கிறதெல்லாம் ஆம்பளைகள்தான். பொம்பளை குழை வைத்ததாக அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு எதிராளியோ சர்க்கார்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, என் மாமியார் இடுப்பில் என் பிள்ளையோடு வந்து சேர்ந்தார். குழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வச்சுட்டியா? சரி, உக்காரு. சர்க்கார் வந்து எதுக்க உக்கார்ற வரைக்கும் இனி எந்திரிக்க முடியாது. சமையலை நான் பாத்துக்கிறேன், எனக்கு வேறென்ன வேலை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை என் மடியில் போட்டார். திட்டுகிறாரா தட்டிக்கொடுக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியுமா? "அந்தக் குப்பையைப் பிடுங்கிப் போட்டுட்டு வெட்டுங்கடா" என்று சத்தம் போட்டார். ஒருத்தன் குனிந்தான். அப்போதுதான் அவள், ஊற்றில் என்னோடு வாயாடினவள், "ஏலே, தொடாதே" என்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்து என்னிடம் கேட்டாள்.

"மதினி, இது வழக்குக் குழையா?"

"ஆமா."

"எங்க களத்துலயும் நெல்லுப் பொலி மேல இப்படி வைப்பாக. பேசித் தீக்காம ஒரு மரக்கா நெல்லு அளக்க மாட்டோம்" என்று மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். கரையில் இருக்கிற நாங்கள் வேறு, உள்ளே இருக்கிற சம்சாரிச் சனம் வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கொண்டான் கொடுத்தான் கிடையாது, ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் கை நனைத்தது கிடையாது. இந்தக் குழை அவர்களிடமும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேஸ்திரி குடையை மடக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். "நீ எதுக்கு இங்க வந்தே? மண்ணு சொமக்கத்தானே வந்தே?"

"ஆமா சாமி, மண்ணு சொமக்கத்தான் வந்தேன். குழை புடுங்க வரலை."

"கூடையை எடுக்காட்டி கூலி கிடையாது."

அவள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.  அப்புறம் ஒரு கிழவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். அடுத்து ஒரு பொம்பளை, அந்தப் பொம்பளையின் புருசன், அப்படியே ஒவ்வொருத்தராக. குழை பிடுங்கக் குனிந்தவனும் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதே அந்தக் கூலியில்தான் என்று எனக்குத் தெரியும். அவள் பிள்ளை விலா எலும்பு தெரிகிற பிள்ளை. மேடு போனால் அவளுக்கு என்ன நட்டம்? வேலை முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவள்தானே.

வெயில் ஏற ஏற மணல் அடுப்பு மாதிரி காய்ந்தது. பிள்ளை வீரிட்டு அழுதான். அவள் தன் பிள்ளையை இடுக்கிக்கொண்டு வந்து, வெயில் வருகிற பக்கமாக எனக்கு மறைப்பாக உட்கார்ந்தாள். கலயத்தில் கொஞ்சம் கஞ்சி இருந்தது. குழை வைத்தவள் சாப்பிடலாமா என்று கேட்டாள். எழுந்திருக்கத்தான் கூடாது, சாப்பிடலாம் என்றேன். "அப்ப தேவலை, எங்க பக்கம் பட்டினி கெடக்கணும்" என்று சொல்லிப் பாதியை எனக்குச் சிரட்டையில் ஊற்றினாள். வேறு சனத்தார் வீட்டுக் கஞ்சியை நான் குடித்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கஞ்சியில் சோறு எண்ணி எடுக்கிற மாதிரித்தான் கிடந்தது.

ஆம்பளைகள் கரை ஏறி வந்தபோது இன்னொரு சண்டை. என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துப்போனது. "யாரைக் கேட்டு வச்சே? போலீஸ் வந்தா யாரு நிக்கிறது?" என்றார். பொம்பளை வைத்த குழை செல்லுமா என்று நாலு பேர் சட்டம் பேசினார்கள். என் மாமியார் நடுவில் வந்து நின்றார்.

"வத்தைக்கு வைக்கிறதுன்னா ஆம்பளை வைக்கணும், சரி. இந்த ஊத்துல இருந்து உங்கள்ல எவன்டா ஒரு குடம் தூக்கியிருக்கீக? தூக்குனவன் வந்து பேசு."

யார் பேசுவது? ஒவ்வொருத்தராகத் தலையைச் சொறிந்துகொண்டு வலையை உதறப் போய்விட்டார்கள். பொழுது சாய்கிற நேரம் ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் குடத்தோடு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் கொஞ்சம் தள்ளி, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவரும் அங்கேதான் இருந்தார்.

மறுநாள் ஜீப் வந்தது. கண்ணாடி போட்ட ஆபீசர் ஒருத்தர், அவரோடு பெரிய ஊர்த் தலைவர். "இதுக அறியாத சனம் சார், நான் சொல்லி எழுப்பிவிடுறேன்" என்றார் தலைவர். என் மாமியார் சும்மா இருப்பாரா? "அறியாத சனத்துக்கிட்ட ஓட்டுக் கேட்டு வந்தீகளே அய்யா, அப்ப அறிஞ்ச சனமா இருந்தோமா?" என்றார். கூலிக்கு வந்த சனம்கூடச் சிரித்துவிட்டது.

ஆபீசர் நின்றுகொண்டே என்னிடம் ஏதேதோ கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. திமிர் என்று நினைத்திருப்பார். நின்று பேசுகிற பேச்சுக்குக் குழை வைத்தவள் பதில் சொல்லக் கூடாது, அதுதான். அவள்தான் எடுத்துச் சொன்னாள். "உக்காந்து பேசுங்க சாமி. நின்னு பேசுனா கணக்குல சேராது."

அவர் தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, மணலில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு நான் பேசினேன். ரோட்டை நாங்கள் மறிக்கவில்லை, ரோடு எங்களுக்கும் வேண்டும், தெற்கே உவர்ப் பொட்டலில் எவ்வளவு மண் வேண்டுமானாலும் வெட்டுங்கள், இந்த மேட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.   பொட்டல் தூரம், செலவு கூடும், தன் கையில் முடிவு இல்லை என்றார் அவர். நல்ல மனுசர்தான், பொய் வாக்குக் கொடுக்கவில்லை. மேலே எழுதிக் கேட்கிறேன், பதில் வருகிற வரைக்கும் யாரும் மேட்டைத் தொட மாட்டார்கள் என்றார்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அது வாக்குத்தான், போதும் என்றார்கள். குழையை அவர் கையாலேயே எடுக்கச் சொன்னோம். எடுத்தார். எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஜீப் வரைக்கும் போனார். நான் எழுந்தேன். கால் மரத்துப்போய்த் தடுமாறினபோது என்னைத் தாங்கிப் பிடித்தது அவள்தான்.

மேடு தப்பித்தது. கொஞ்ச நாள் கழித்து உவர்ப் பொட்டலில் மண் வெட்டி, மேட்டைச் சுற்றி வளைத்து ரோடு போட்டார்கள். கப்பல் துறைதான் கடைசி வரைக்கும் வரவில்லை. ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை.

ஆனால் அன்றைக்கே மேஸ்திரி அந்தச் சனத்தைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். நான் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டி, கருவாடும் கொஞ்சம் அரிசியும் முந்தியில் கட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் தூளிகளை அவிழ்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓடிப்போய்ப் பிடித்தேன். கருவாட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். "அரிசி வேணாம் மதினி, ஒங்க ஊர்ல எங்க விளையுது? எங்க கண்மாய் பெருகட்டும், நானே ஒனக்கு நெல்லுக் கொண்டு வாரேன்" என்றாள். என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அவள் பேரையும் ஊரையும் நான் கேட்கவில்லை. மதினி என்று கூப்பிட்டவளிடம் பேர் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்து வந்த பஞ்சாயத்துத் தேர்தலில்தான் எங்களுக்கு விளங்கியது, அவள் போகிற வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள் என்று. குழை வைத்த ஊரா, குழை வைத்த ஊரா என்று அக்கம்பக்கத்துக் கூலிச் சனமெல்லாம் எங்களைத் தேடி வந்து பேசினார்கள். எங்கள் மேட்டை மணல்தானே என்று சிரித்த தலைவர், அவர்கள் கூலியையும் கண்மாய்த் தண்ணீரையும் அப்படித்தான் சிரித்து ஒதுக்கியிருக்கிறார். கரைக்காரர்களும் சம்சாரிச் சனமும் முதல் தடவையாக ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டோம். தலைவர் மாறினார். ஓட்டுப் போட இரண்டு கல் நடந்த எங்களுக்கு, அதற்கப்புறம் வலைக் கொட்டகையிலேயே பெட்டி வைத்தார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ஜீப்பை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்து வந்தார்கள்.

பஞ்சாயத்தில் பொம்பளை ஒருத்தி வேண்டும் என்றபோது என்னைப் பிடித்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட அப்போதுதான் பழகினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ கேட்டோம், பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. பிரசவத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. ஆனால் எங்களிடம் சொல்லாமல் எங்கள் மண்ணில் ஒரு குச்சி ஊன்ற அதற்குப் பிறகு யாருக்கும் கை வரவில்லை. அதை நான் தலை நிமிர்ந்து சொல்வேன்.

மழை பெய்து கண்மாய் நிறைந்த வருசங்களில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் போய், சந்தையிலும் பஸ் நிற்கிற இடத்திலும் விசாரித்துப் பார்த்தேன். மூக்குக்குப் பக்கத்தில் மரு இருக்கும், வாய் துடுக்கு என்று அடையாளம் சொன்னால், "எங்க ஊர்ல எல்லாருக்கும் வாய் துடுக்குத்தான், எவளைச் சொல்றே" என்று கேட்டார்கள். அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்றைக்கும் ஊரில் விசேசம் என்றால் என்னை முன்னால் உட்காரவைத்து, சர்க்காரையே நிறுத்தியவள் என்று சொல்கிறார்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் நான் உட்கார்ந்தது என் ஊருக்காக, என் பிள்ளை குடிக்கிற தண்ணீருக்காக. தன் பிள்ளை பசியோடு இருக்கும்போது, திரும்பி வரப்போகாத ஒரு ஊருக்காகக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாளே, அந்த மனசு எனக்கு இருந்திருக்குமா என்று இந்த வயசிலும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.